பொட்டு வைக்கும் இடம்

திருகாணி இல்லாத பொருளை நான் நம்புவதில்லை. கணினி பழுது பார்த்தே தலை நரைத்தவன் என்பதால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. சித்தூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் வேலை செய்த கடை இன்னும் நடக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் சாயங்காலமானால் அங்கே போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவேன். போன மாதம் அப்படிப் போயிருந்தபோது ஒரு பள்ளி ஆசிரியை மெல்லிய லேப்டாப் ஒன்றை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஹார்ட் டிஸ்க் என்று தனியாக எதுவும் இல்லாமல், எல்லாவற்றையும் மதர்போர்டிலேயே பற்றவைத்துவிட்ட புதிய வகை அது.

"போர்டையே மாத்தணும் மேடம். உள்ள இருந்தது எதுவும் வராது" என்று கடையின் இப்போதைய மெக்கானிக் மகேஷ் சொன்னார்.

"திறந்துகூடப் பாக்கலையே தம்பி" என்றார் அந்த அம்மாள்.

மகேஷ் சொன்னது சரிதான். திறந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. அந்த அம்மாள் போன பிறகு மகேஷ் என் பக்கம் திரும்பி, "இன்னா அண்ணா அப்படிப் பாக்கறீங்க? உங்க காலத்துல மட்டும் செத்துப்போன டிஸ்க்கெல்லாம் பொழச்சிக்கினு வந்துச்சா?" என்று கேட்டார். எல்லாம் வரவில்லை. வந்த ஒன்றைப் பற்றி அவருக்குச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் வாடிக்கையாளர் வந்துவிட்டார். மீதியையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் நகரி. வீட்டில் விசைத்தறி. தறியைவிட அதன் மோட்டார்தான் எனக்குப் பிடித்தது. திருப்பதியில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஹார்டுவேர் படித்தேன். ஏசி அறை வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கோயிலுக்குள் நுழைவதுபோல் அடக்கமாக நுழைந்து, கணினியைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்ததுதான் பாதிப் படிப்பு. மீதியைச் சித்தூர்க் கடையில் கற்றேன். இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கணினியெல்லாம் நின்றுவிடும் என்று பத்திரிகைகள் பயமுறுத்திக்கொண்டிருந்த காலம். அந்தப் பயத்தால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது. ஐதராபாத், பெங்களூர் பஸ்களில் மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருக்கும் முகங்களைத் தினமும் பார்க்கலாம். அங்கிருந்து அமெரிக்கா. ஊரில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் அமெரிக்காவில் இப்போது மணி என்ன என்று சொல்லுவார்.

பொருள்களைப் பற்றி எனக்குச் சில பிடிவாதமான அபிப்பிராயங்கள் உண்டு. மனிதன் செய்த பிரிண்டர்களிலேயே டாட் மேட்ரிக்ஸ்தான் யோக்கியமானது. கத்தும், ஆனால் ஏமாற்றாது. பழைய கீபோர்டின் டக் டக் சத்தம் விரலுக்குச் சொல்லும் பதில். இப்போது வருகிறவை ஊமை. ஃப்ளாப்பி மாதிரி ஒரு துரோகி கிடையாது. எழுதும்போது எல்லாம் சரி என்று சொல்லும். வேறு கணினியில் போட்டுப் படிக்கும்போது கையை விரிக்கும். ஒரே சிடியில் நூறு மென்பொருளைப் போட்டு ரோட்டில் விற்றார்களே, அதில் பாதி திருட்டு, மீதி வைரஸ். ஆனாலும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதை வைத்துத்தான் படித்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஹார்ட் டிஸ்க் மேல் மட்டும் எனக்கு எப்போதும் மதிப்புத்தான். சாகும் முன் முனகும். காது உள்ளவன் அதைக் கேட்டுத் தப்பித்துக்கொள்ளலாம்.

கடை முதலாளி பிரசாத் சார். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கோபம் வந்தால் மௌனம். ஒரு கேபினட்டைத் திறக்கும் முன் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி மேஜை டிராயரில் வைப்பார். கை கழுவித் துடைத்துக்கொள்வார். ஜன்னல் கம்பியை ஒரு நொடி தொடுவார். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்கிப் போவதற்காக. பிறகு உட்காருவார். நின்றுகொண்டு திருகாணியைத் தொட்டால் எங்களையும் விடமாட்டார். வாடிக்கையாளருக்கும் பக்கத்தில் ஒரு நாற்காலி உண்டு. அவர் பொருளை அவர் கண்ணெதிரில்தான் திறக்க வேண்டும்.

அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு?" யார் என்ன செய்தார்கள் என்று கேட்கவே மாட்டார். நான் ஒருமுறை காரணம் கேட்டேன்.

"யாரு செஞ்சாங்கன்னு கேட்டா பொய் சொல்லுவாங்க குமார். எப்ப நல்லா இருந்துச்சுன்னு கேட்டா நெஜம் வரும். நமக்கு வேண்டியது நெஜந்தானே" என்றார்.

யார் கெடுத்தது என்பது எங்களுக்கே தெரிந்துவிட்டாலும் அதை வாயால் சொல்லக் கூடாது என்பதும் அவர் சட்டம். என்ன ஆனது என்று மட்டும் சொல்லலாம். அவரிடம் வேலை செய்த காலம் முழுக்க அந்தச் சட்டத்தில் எனக்குக் குறை தெரிந்ததில்லை, அந்த ஒரு தடவையைத் தவிர.

ஆயுதபூஜைக்கு மறுநாள். கடை திறந்ததும் ஒரு தகப்பனும் மகளும் கணினியைப் பழைய புடவையில் மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்தார்கள். தகப்பன் பெயர் ஏகாம்பரம். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமம். சொந்த நிலம் இல்லாத குடும்பம். இளமையில் கூலிக்குக் கரும்பு வெட்டியவர், பல வருடமாகக் குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாகக் கரும்பு போட்டு வந்தார். மகள் தேவகி திருப்பதியில் எம்.சி.ஏ. கடைசி வருஷம், விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அந்தக் கணினி எங்கள் கடையில் பழைய பாகங்களை வைத்துச் சேர்த்துக் கொடுத்ததுதான். தசரா விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவள் தன் ப்ராஜெக்டை அதில் எழுதி முடித்திருந்தாள். சர்க்கரை ஆலைக்கு எந்த வயலின் கரும்பை எப்போது வெட்டுவது என்று முறை போட்டுத் தரும் மென்பொருள். அப்பாவின் கரும்பு ஆலையின் வெட்டு உத்தரவுக்குக் காத்திருந்து காய்ந்ததைப் பார்த்து வளர்ந்த பெண் வேறு எதை எழுதுவாள்? விடுமுறை முடிந்ததும் கல்லூரியில் அதை ஓட்டிக் காட்ட வேண்டும். பெங்களூர்க் கம்பெனி ஒன்றும் அதைப் பார்த்துத்தான் வேலை கொடுப்பதாகச் சொல்லியிருந்தது. ஃப்ளாப்பியில் எடுத்து வைத்திருந்த பிரதி பாதியில் நின்றுவிட்டது. நான் சொன்னேனே, துரோகி.

"கடைசியா எப்ப நல்லா இருந்துச்சும்மா?" என்று கேட்டார் பிரசாத் சார்.

"நேத்து காலைல சார். பூஜை முடிஞ்சி ஆன் பண்ணேன். ஏதோ தீயற வாசனை வந்துச்சு. அவ்ளோதான்."

அந்தக் காலத்து வழக்கப்படி கேபினட்டின் பக்கத் தகடு கழற்றியே இருந்தது. சூடு தாங்காமல் எங்கள் ஊரில் எல்லோரும் அதைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பார்கள். மானிட்டர் நெற்றியிலும் கேபினட் முகப்பிலும் சந்தனமும் குங்குமமும் அழகாக வைத்திருந்தார்கள். அதில் ஒரு கெடுதலும் இல்லை. சார் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்தார். அது செங்குத்தாக மாட்டும் வகை. சர்க்யூட் போர்டு வெளிப்பக்கம் பார்த்திருக்கும். அந்தப் பச்சைப் போர்டின் நடுவில், பெரிய சில்லின், அதாவது சிப்பின், மேலேயே, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம். ஈரச் சந்தனம் சில்லின் கால்களுக்கு இடையே வழிந்திருந்தது. ஒரு ஓரம் கருகியிருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. சார் டிஸ்க்கைச் சட்டென்று கவிழ்த்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ஈரம் எறங்கி இருக்குது. போர்டு போயிடுச்சு. உள்ள தட்டு நல்லாத்தான் இருக்கணும்" என்றார்.

தேவகி தலையைக் குனிந்துகொண்டாள். "ஈரம் இல்ல சார். நான்தான். முந்தா நாள் ஃப்ரெண்டோட டிஸ்க்க மாட்டிப் பாத்தேன். கேபிள மாத்திப் போட்டுட்டேன் போல. நானே கெடுத்துக்கினேன்."

கேபிளை யார் எப்படி மாட்டியிருந்தாலும் இப்படிக் கருகாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். சொன்னால், அப்புறம் எதனால் என்று அவள் கேட்பாள். பதில் பக்கத்து நாற்காலியில், துண்டை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

வழி ஒன்று இருந்தது. அச்சு அசலாக அதே டிஸ்க் இன்னொன்று கிடைத்தால், அதன் போர்டைக் கழற்றி இதில் மாட்டிப் பார்க்கலாம். அந்தக் காலத்து டிஸ்க்குகள் அதற்கு இடம் கொடுத்தன. இப்போதைய டிஸ்க்குகள் ஒன்றின் போர்டை இன்னொன்று ஏற்பதில்லை. சார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நம்ம கிட்ட ஒண்ணா வந்த ரெண்டு டிஸ்க்ல இது ஒண்ணு. இன்னொண்ணு பலமனேர் தக்காளி மண்டில ஓடிக்கினு கீது" என்றார். ஓடுகிற கணினியை நிறுத்தி, அதன் உறுப்பைக் கழற்றிக் கொடு என்று ஒருவரைக் கேட்கப் போகிறோம். கொண்டு போகிற டிஸ்க்கில் வேறு கோளாறு இருந்தால் அவருடைய போர்டும் கருகும்.

நால்வரும் பஸ் ஏறினோம். தேவகி ஜன்னல் ஓரம். ஏகாம்பரம் ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கி நீட்டினார்.

"துன்னு பாப்பா. காலைலேந்து ஒண்ணியும் துன்னல."

"வேணா நைனா. என்னாலதான் எல்லாம் போச்சு. நீ துன்னு."

அவரும் சாப்பிடவில்லை. பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பலமனேர் மேட்டில் பஸ் ஏறும் வரை நான் சாரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை என்று தெரிந்தது. எனக்கு அவர் மேல் கோபமே வந்தது. செய்யாததற்கு ஒரு பெண் இப்படி உருகிக்கொண்டிருக்கும்போது சட்டம் என்ன சட்டம்?

மண்டி உரிமையாளர் வெங்கடேசுலு கேட்டதும் முகத்தைச் சுளித்தார். "ஏமய்யா பிரசாத், சீசன் டைம்ல வந்து மிஷின நிறுத்துன்னா எப்படி? என்னோடது போச்சுன்னா?"

"மொதல்ல உங்க டிஸ்க்க பூரா காப்பி எடுப்பேன். அது சரியா ஓடறத நீங்க பாத்து சரின்னு சொன்னப்புறம்தான் ஸ்க்ரூவத் தொடுவேன். வேணாம்னு சொன்னா இப்பவே கெளம்பிடறோம்."

வெங்கடேசுலு தேவகியைப் பார்த்தார். "அதுல என்னம்மா இருக்கு?"

"கரும்பு வெட்டு முறை சார். யார் வயல எப்ப வெட்டணும்னு அதுவே சொல்லும்."

"சிபாரிசு இல்லாமலா?"

"சிபாரிசு இல்லாம சார்."

அவர் சிரிக்கவில்லை. எழுந்து தன் நாற்காலியைச் சாருக்கு நகர்த்திப் போட்டார். "லாரி வர்றதுக்குள்ள முடிச்சிடு, சரேனா?" என்றார்.

அன்று சார் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். மகேஷ் மாதிரி உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மண்டி டிஸ்க்கை நாங்கள் கொண்டுபோன புது டிஸ்க்கில் முழுதாகப் பிரதி எடுத்தார். மண்டிக்காரர் அதைத் திறந்து பார்த்துத் தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் கடிகாரமும் மோதிரமும் கழன்றன. கை கழுவினார். ஜன்னல் கம்பியைத் தொட்டார். செத்த டிஸ்க்கின் கருகிய போர்டை நட்சத்திரத் திருப்புளியால் கழற்றினார். பிறகு மீட்டரை எடுத்து, உள்ளே இருக்கும் மோட்டாரின் சுருள்களை ஒவ்வொன்றாக அளந்தார். மூன்றும் ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று குறைந்தாலும் நல்ல போர்டு பலியாகும். மூன்றும் ஒன்றாக நின்றன. இன்னொரு முறை அளந்தார். நின்றன.

மிச்சம் இருந்தது, போர்டும் டிஸ்க்கும் தொட்டுக்கொள்ளும் பித்தளைப் புள்ளிகளைத் துடைப்பதுதான். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தார். பஞ்சு மஞ்சளாக வந்தது. இன்னொரு பஞ்சு. அதுவும் மஞ்சள், நடுவில் கொஞ்சம் சிவப்பு. ஸ்பிரிட் பட்டதும் காய்ந்த சந்தனம் மணக்க ஆரம்பித்தது. தக்காளி வாடை அடிக்கிற அந்த இடத்தில் அது தனியாகத் தெரிந்தது. சார் பஞ்சை உள்ளங்கையில் மறைக்கப் பார்த்தார்.

அதுவரை சுவரோரம் நின்றிருந்த ஏகாம்பரம் கிட்டே வந்தார். பஞ்சைப் பார்த்தார். குனிந்து மோந்தார்.

"சந்தனம்" என்றார். "நான் வெச்சது."

வெளியே ஏலக்காரர் கூவிக்கொண்டிருந்தார்.

"நீ வாசல்ல கோலம் போட்டுக்கினு இருந்த பாப்பா. அரிவா, கத்தி, மருந்தடிக்கற மிசின், எல்லாத்துக்கும் வெச்சேன். அப்புறம் இதுக்கும் வெச்சேன். நல்லா இளநீல கொழச்சி வெச்சேன்."

"வெளில வெச்சதத்தான் பாத்தேன் நைனா, உள்ள ஃபேன் மறச்சிக்கினு இருந்துச்சு. உள்ள எதுக்கு வெச்ச?"

"நீதானம்மா காமிச்ச. நான் எழுதறது பூரா இந்தப் பொட்டிலதான் கீதுன்னு. வெளிய கீறது வெறும் டப்பான்னு சொன்ன. அதான் அதுக்குப் பெருசா வெச்சேன்."

தேவகி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படுவாள் என்று நான் பயந்தேன். அவள் அழுதாள். அழுதுகொண்டே அவர் சட்டைப் பையில் கை விட்டு வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, அவர் கையில் பாதியைக் கொட்டிவிட்டுத் தான் மீதியைத் தின்றாள். ஏகாம்பரத்துக்கு மெல்ல முடியவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"கேபிளுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. நீ சரியாத்தான் மாட்டி இருந்த" என்றார் பிரசாத் சார். பிறகு மண்டி டிஸ்க்கின் போர்டைக் கழற்றி இதில் பொருத்தித் திருகாணிகளைக் குறுக்குக் குறுக்காக இறுக்கினார். மின்சாரம் கொடுக்கும் முன் வெங்கடேசுலுவை நிமிர்ந்து பார்த்தார். அவர் "கானிவ்வு, நடக்கட்டும்" என்றார்.

முதலில் ஒரு மெல்லிய விசில் போல் எழும்பியது. பிறகு சீராக இறங்கி நின்றது. டிக், டிக் என்று ஊசி தன் இடத்தைத் தேடிப் பிடித்தது. எத்தனையோ கணினிகளில் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். அன்று கேட்டதுபோல் கேட்டதில்லை. திரையில் கரும்பு என்று பெயரிட்ட ஃபோல்டர் வந்தது. தேவகி எதையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். புது டிஸ்க்கிலேயே அதற்கும் பிரதி எடுத்து, அதைத் திறந்து ஓட்டிப் பார்த்து, போர்டைத் திரும்ப மண்டி டிஸ்க்கில் மாட்டி, மண்டிக் கணக்கு ஓடுவதைக் காட்டிவிட்டு நாங்கள் எழுந்தபோது லாரிகள் வர ஆரம்பித்திருந்தன.

திரும்பும் பஸ்ஸில் சாரிடம் கேட்டேன். "அவரா சொல்லாம இருந்திருந்தா நீங்க சொல்லி இருப்பீங்களா சார்?"

"தெரியல குமார். வரும்போது பூரா அதத்தான் யோசிச்சிக்கினு வந்தேன். தெரியல" என்றார். அவர் இப்போது இல்லை. அந்தக் கேள்விக்கு அவர் வேறு பதில் சொல்லாமலே போய்விட்டார்.

ஆனால் ஒன்று செய்தார். சித்தூர் வந்ததும் ஏகாம்பரத்தைக் கடையில் உட்காரவைத்து, அந்தக் கேபினட்டின் உட்புறத் தகட்டில், ஒயரும் சில்லும் இல்லாத ஒரு மூலையில், சிவப்பு மார்க்கரால் ஒரு வட்டம் போட்டார். "அடுத்த வருஷம் இங்க வைங்கண்ணா. இதுவும் உள்ளதான். இங்க வெச்சா எல்லாத்துக்கும் சேரும்" என்றார். ஏகாம்பரம் அந்த வட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் கடையில் விற்ற ஒவ்வொரு கணினியின் உள்ளேயும் அந்த வட்டம் இருந்தது. வேறு கடைக்காரர்கள் திறந்து பார்த்துவிட்டு, இது என்ன மார்க் என்று கேட்டிருக்கிறார்கள். பொட்டு வைக்கும் இடம் என்று சொன்னால் சிரிப்பார்கள். நாங்கள் சிரித்ததில்லை.

தேவகி பெங்களூர் போனாள். அங்கிருந்து அமெரிக்கா போனாள். இந்த வருஷம் ஆயுதபூஜைக்கு முதல் நாள் நான் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஏகாம்பரம் வந்தார். வயதாகிவிட்டது, காது மந்தம். மகள் அனுப்பிய செல்போனை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்தார். முன்னும் பின்னும் கண்ணாடி. ஒரு திருகாணிகூடக் கிடையாது.

"சார், இதுல பாப்பா தெனம் பேசறா. பேரப்புள்ளிங்க போட்டோ, வீடியோ, எல்லாம் இதுலதான் வருது. அந்த வட்டம் இதுல எங்க கீது?"

மகேஷ் என்னைப் பார்த்தார். பொய் சொல்ல எனக்கு மனம் இல்லை.

"இதுக்கு உள்ள போக முடியாதுண்ணா. ஒட்டிட்டாங்க. அந்தப் போட்டோ வீடியோவும் இதுக்குள்ள இல்ல. எல்லாம் அமெரிக்கால ஒரு எடத்துல வெச்சிக்கீறாங்க. நீங்க பாக்கும்போது மட்டும் அங்கேந்து வரும்."

அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப எல்லாம் அவ கீற எடத்துலயேதான் கீதா?"

"ஆமாண்ணா. அங்கதான்."

"இதுல ஒண்ணியும் இல்ல."

"இல்லண்ணா."

"சரி" என்றார். "அங்கன்னா அவ பாத்துக்குவா."

போனை மடிப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். நான் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, போனின் ரப்பர் உறையைக் கழற்றி, அதன் உட்பக்கத்தில் மகேஷிடம் சிவப்பு மார்க்கர் வாங்கி ஒரு வட்டம் போட்டேன். பொட்டின் ஈரம் காய்ந்த பிறகுதான் போனை உள்ளே போட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன். அவர் தலையாட்டினார். உறையை ஒரு கையிலும் போனை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தார்.